காக்கா ஆழி வந்த வழி

இரும்புத்தாது ஏற்ற வரும் கப்பல் வெறுங்கப்பலாக வருவதில்லை. சரக்கறைகள் காலியாக இருக்கும். ஆனால் அடித்தட்டிலும் இரு விலாக்களிலும் முன்மூக்கிலும் உள்ள தொட்டிகள் நிறையக் கடல்நீர் இருக்கும். அந்தப் பாரம் இல்லையென்றால் கப்பல் அளவுக்கு மீறி மேலெழும்பி நிற்கும். புரொப்பெல்லர் பாதி வெளியே தெரியும், சுக்கான் பிடிக்காது, காற்று அடித்த பக்கம் கப்பல் தள்ளிக்கொண்டு போகும். பாய்மரக் காலத்தில் இதே காரணத்துக்காகக் கல்லையும் மணலையும் அடிபாரமாக ஏற்றினார்கள். இரும்புக் கப்பல்கள் வந்தபின், பத்தொன்பதாம் நூற்றாண்டின் பின்பகுதியிலிருந்து, கல்லின் இடத்தைத் தண்ணீர் பிடித்துக்கொண்டது. வால்வைத் திறந்தால் ஏறும், பம்பைப் போட்டால் இறங்கும். தூக்கிப்போட ஆள் வேண்டாம், விலையும் கிடையாது. கப்பலில் நாங்கள் அதை பேலஸ்ட் என்போம்.

1980களின் தொடக்கத்தில், தேர்டு மேட்டாக, அதாவது மூன்றாம் நிலைக் கப்பல் அதிகாரியாக இருந்தபோது, அப்படியொரு கப்பலில் மெட்ராஸ் துறைமுகத்துக்கே வந்தேன். சொந்த ஊர்த் துறைமுகத்துக்கு வேலையாக வருவது கப்பல்காரனுக்கு எப்போதாவது வாய்ப்பது. கோட்டூர்புரத்தில் ஹவுசிங் போர்டு குடியிருப்பில் அப்பாவும் அம்மாவும் இருந்தார்கள். கயிறு கட்டியதும் ஓடிப்போய்ப் பார்த்துவிட வேண்டும் என்று இருந்தது. ஆனால் பாரதி டாக்கில் தாது ஏற்றத் தொடங்கிவிட்டால் மேட்டுகள் யாரும் நகர முடியாது. ஒரு பக்கம் பெல்லாரி, ஹொஸ்பேட் பகுதியிலிருந்து ரயிலில் வந்த செந்தாது கன்வேயரிலிருந்து கொட்டிக்கொண்டே இருக்கும். மறுபக்கம் பேலஸ்ட் பம்ப் ஓடிக்கொண்டே இருக்கும். ஏறுகிற எடைக்கு ஈடாக நீர் இறங்க வேண்டும்; எந்தத் தொட்டி முதலில், எது பின்னால் என்று சீஃப் ஆபீசர் தாளில் எழுதி ஒட்டியிருப்பார். வரிசை தவறினால் கப்பலின் உடல் நடுவில் வளையும்.

என் வேலை சவுண்டிங் எடுப்பது. டெக்கில் வரிசையாக உள்ள குழாய்களின் மூடியைத் திருகித் திறந்து, நாடாவில் சாக்பீஸைத் தேய்த்து உள்ளே இறக்குவேன். ஈரம் பட்ட கோடு தெளிவாகத் தெரியும். தொட்டியில் எத்தனை சென்டிமீட்டர் நீர் மிச்சம் என்று குறித்துக்கொண்டு அடுத்த குழாய்க்குப் போவேன். இரவு முழுக்க இதுதான். கப்பலின் பக்கவாட்டிலிருந்து தண்ணீர் கனமாக விழும் சத்தம் விடியும்வரை கேட்கும். அந்தத் தண்ணீர் ஜப்பானில் ஓர் எஃகு ஆலையின் துறைமுகத்தில், முந்தைய சரக்கை இறக்கியபோது ஏற்றியது. இரண்டு வாரம் இருட்டுத் தொட்டிக்குள் பயணம் செய்து, மெட்ராஸ் துறைமுகத்து நீரில் வந்து கலந்தது. துறைமுகத்திலோ கப்பலிலோ யாரும் அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. எண்ணெய் சிந்தினால் அபராதம் உண்டு என்பது எல்லாருக்கும் தெரியும். இது வெறும் கடல்நீர்தானே. கடலில் எடுத்துக் கடலில் விடுவதற்கு யாருடைய அனுமதி வேண்டும்? உலகம் முழுக்க அன்றைக்கு அதுவே நடைமுறை.

அந்தத் தண்ணீருக்குள் என்ன இருக்கிறது என்பதை எனக்கு முதலில் காட்டியவர் ஒரு போசன், மாலுமிகளின் தலைவர். தூத்துக்குடிக்காரர், சிறுவயதில் தோணியில் ஓடியவர். சிங்கப்பூரில் கப்பலை டிரை டாக்கில் ஏற்றியிருந்தார்கள். அடித்தட்டுத் தொட்டியின் மூடியைக் கழற்றி, காற்றைச் சோதித்துவிட்டு, விளக்கோடு உள்ளே இறங்கினோம். ஆண்டுக்கணக்கில் பல துறைமுகங்களிலிருந்து நீரோடு வந்த வண்டல் சட்டங்களுக்கிடையே படிந்து கிடந்தது. குனிந்துதான் நகர முடியும். அந்தச் சேற்றில் விளக்கைக் காட்டியபோது உள்ளங்கை அகல நண்டு ஒன்று பின்வாங்கிப் போயிற்று. போசன் அதைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தார். "சார், இது நம்ம கடல் நண்டு இல்ல. இதுக்குக் கால் வேற மாதிரி இருக்கு பாருங்க" என்றார். எனக்கு எல்லா நண்டும் நண்டுதான். அவருக்கு அப்படியில்லை. அவ்வளவு பெரிய உடம்போடு அது பம்பின் சல்லடை வழியாக வந்திருக்க முடியாது; குஞ்சாக வந்து உள்ளேயே வளர்ந்திருக்க வேண்டும் என்றும் அவரே சொன்னார். பின்னாளில் நான் படித்த கட்டுரைகள் சொன்னதும் அதைத்தான். நண்டு, சிப்பி, நட்சத்திர மீன் எல்லாம் தம் வாழ்வின் முதல் சில நாட்களையோ வாரங்களையோ கண்ணுக்குத் தெரியாத மிதவை உயிர்களாகக் கழிக்கின்றன. அந்தப் பருவத்தில் எந்தச் சல்லடையும் அவற்றுக்குத் தடையில்லை.

நாங்கள் அப்படி ஓடிக்கொண்டிருந்த அதே ஆண்டுகளில்தான் பெரிய அழிவுகள் நடந்துகொண்டிருந்தன. அமெரிக்கக் கரையோரத்துச் சீப்பு ஜெல்லி ஒன்று கப்பல் நீரோடு கருங்கடலுக்குப் போய், 1980களின் இறுதிக்குள் மீன் முட்டைகளையும் குஞ்சுகளையும் தின்று பெருகியது. நெத்திலிப் பிடிப்பு சரிந்து விழுந்தது. கருங்கடல், காஸ்பியன் பகுதியின் வரிக்குதிரைச் சிப்பி 1988இல் வட அமெரிக்கப் பேரேரிகளில் கண்டறியப்பட்டது. குடிநீர்க் குழாய்களையும் மின்நிலையக் குழாய்களையும் அடைத்தது. 1991இல் பெருவில் காலரா பரவிய பிறகு, அமெரிக்காவின் மொபைல் துறைமுகத்துக்குத் தென் அமெரிக்காவிலிருந்து வந்த கப்பல்களின் பேலஸ்ட் நீரில் காலராக் கிருமியைக் கண்டார்கள். உலகக் கப்பல்கள் ஆண்டுக்கு 300 கோடி முதல் 500 கோடி டன் வரை இப்படி நீரைச் சுமந்து மாற்றுகின்றன என்பது பல காலமாகச் சொல்லப்படும் மதிப்பீடு.

முதலில் விழித்துக்கொண்ட நாடுகளில் ஒன்று ஆஸ்திரேலியா. 1990களில் நியூகாசில் துறைமுகத்துக்கு நிலக்கரி ஏற்றப் போனோம். தனிமைப்படுத்தல் துறையிலிருந்து ஓர் இளம்பெண் ஏணியேறி வந்தார். கையில் கூம்பு வடிவ மெல்லிய வலை, சில குப்பிகள். தொட்டி மூடியைத் திறக்கச் சொல்லி, வலையை அடிவரை இறக்கி மெதுவாக இழுத்தார். குப்பியில் விழுந்ததைக் கண்ணாடித் தட்டில் ஊற்றி, கையோடு கொண்டுவந்திருந்த சிறிய நுண்ணோக்கியில் வைத்து என்னைப் பார்க்கச் சொன்னார். வெறும் நீர் என்று நான் எண்ணியிருந்ததில் முடிபோன்ற கால்களை அடித்துக்கொண்டு நீந்தியவை எத்தனை! "இதோ இது ஒரு சிப்பியின் குஞ்சு" என்று ஒரு புள்ளியைக் காட்டினார். தூசியளவு. அது எங்கே ஏற்றிய நீர் என்று கேட்டார், பதிவேட்டைக் காட்டினேன். நீர் எங்கே ஏற்றப்பட்டது, எங்கே இறக்கப்பட்டது என்று அங்கே கேட்பார்கள் என்பதால்தான் அந்தக் கப்பலில் அப்போது பதிவேடே இருந்தது. 2001 முதல் பேலஸ்ட் நீர் மேலாண்மையை அவர்கள் சட்டக் கட்டாயமாக்கினார்கள்.

விடுமுறையில் கோட்டூர்புரம் வந்தால் மாலையில் நந்தனம் பக்கம் போகும் பாலத்தில் நடப்பேன். கீழே அடையாறு, மழைக்காலம் தவிர மற்ற மாதங்களில், பச்சைப் பாய் விரித்ததுபோலக் கிடக்கும். ஆகாயத்தாமரை. பூ அழகாக இருக்கிறதே என்று தென் அமெரிக்காவிலிருந்து யாரோ தோட்டத்துக்குக் கொண்டுவந்தது, நூறாண்டுக்கும் மேலாக நம் ஏரிகளையும் ஆறுகளையும் மூடிக்கொண்டிருக்கிறது. பொக்லைன் வைத்து வாருகிறார்கள்; அடுத்த சில மாதத்தில் மறுபடியும் நிற்கிறது. 2015 டிசம்பரில் செம்பரம்பாக்கத்து வெள்ளம் கோட்டூர்புரத்துக்குள் ஏறியபோது, வடிந்த பிறகு எங்கள் தெருவில் சேற்றோடு இதுவும் கொடிகொடியாகக் கிடந்தது. கீழ்த்தட்டில் வைத்திருந்த என் பழைய கப்பல் குறிப்பேடுகள் அதில் போயின. அக்கம்பக்கத்தில் யாரிடமும் வேற்றிட உயிர் என்றால் என்ன என்று விளக்க வேண்டியதில்லை. பாலத்தின் கைப்பிடியைப் பிடித்து ஒருமுறை குனிந்து பார்த்தால் போதும். ஆனால் ஆகாயத்தாமரை மேலே மிதக்கிறது, கண்ணில் படுகிறது. கப்பல் கொண்டுவருவது தண்ணீருக்கு அடியில் வளர்கிறது.

சர்வதேசக் கடல்சார் அமைப்பு பேலஸ்ட் நீர் பற்றிய உடன்படிக்கையை 2004 பிப்ரவரியில் ஏற்றுக்கொண்டது. 30 நாடுகள் கையெழுத்திட்டு ஒப்புதல் தர வேண்டும், அவற்றின் கொடியின் கீழ் உலகக் கப்பல் கொள்ளளவில் 35 விழுக்காடு இருக்க வேண்டும் என்பது விதி. அது நிறைவேறி நடைமுறைக்கு வர 2017 செப்டம்பர் 8 ஆயிற்று. பதின்மூன்று ஆண்டு! அதற்கு முன்பே, 2000இல், ஐ.நா. நிதியோடு ஒரு முன்னோடித் திட்டம் தொடங்கியது. அதில் இருந்த ஆறு நாடுகளில் இந்தியாவும் ஒன்று. மும்பைத் துறைமுகத்தில் என்னென்ன உயிர்கள் இருக்கின்றன என்று கோவாவிலுள்ள தேசியக் கடலியல் நிறுவனத்தார் கணக்கெடுத்தார்கள். அந்தக் கணக்கெடுப்பின் அருமை எனக்குப் பின்னால்தான் புரிந்தது. ஏற்கெனவே இருப்பது எது என்று தெரியாத இடத்தில் புதிதாக வந்தது எது என்று எப்படிச் சொல்ல முடியும்?

உடன்படிக்கை முதலில் கேட்டது, நடுக்கடலில் நீரை மாற்றுவது. கரையிலிருந்து குறைந்தது 200 கடல் மைல் தள்ளி, 200 மீட்டருக்குக் குறையாத ஆழத்தில். அது முடியாவிட்டால் 50 கடல் மைலாவது தள்ளி, அதே ஆழத்தில். தொட்டி நீரில் 95 விழுக்காடு மாற வேண்டும். கழிமுகத்து உயிர் ஆழ்கடலின் உப்பில் பிழைக்காது, ஆழ்கடல் உயிர் துறைமுகத்தில் பிழைக்காது என்பது இதன் கணக்கு.

கேட்க எளிது. கேப்டனாக இருந்த ஆண்டுகளில் எனக்குத் தூக்கம் கெட்ட இரவுகளில் பல, இந்த நீர்மாற்றத்துக்குரியவை. ஒரு தொட்டியை முழுக்கக் காலிசெய்து மறுபடி நிரப்பலாம். காலியாகும் நேரத்தில் கப்பலின் நிலைப்பு குறையும். பாதி நிறைந்த தொட்டியில் நீர் இங்கும் அங்கும் அறையும். கப்பலின் உடலில் வளைவு விசை ஏறும். இல்லையென்றால் கீழிருந்து பம்ப் செய்து மேலே காற்றுக்குழாய் வழியாக வழியவிடலாம். தொட்டியின் கொள்ளளவைப்போல மூன்று மடங்கு நீர் ஓட வேண்டும். டெக்கெல்லாம் வெள்ளம்; அலை எழும் நாளில் ஆளை அங்கே அனுப்ப மனம் வராது. வங்கக் கடலில் ஒரு பருவக்காற்று மாதத்தில் இரண்டு தொட்டி மாற்றியதும் காற்று வலுத்தது. நிறுத்தச் சொல்லிவிட்டு, காரணத்தைப் பதிவேட்டில் எழுதினேன். கப்பலுக்கு ஆபத்து என்று கேப்டன் கருதினால் நிறுத்தலாம் என்று உடன்படிக்கையே இடம் தருகிறது. அது இருக்க வேண்டிய விதி என்பதற்கு 2006 ஜூலை சாட்சி. 'கூகர் ஏஸ்' என்ற கார் ஏற்றும் கப்பல் 4,700க்கும் அதிகமான மாஸ்டா கார்களோடு ஜப்பானிலிருந்து வட அமெரிக்காவுக்குப் போய்க்கொண்டிருந்தது. அலூஷியன் தீவுகளுக்குத் தெற்கே பேலஸ்ட் மாற்றும்போது நிலைப்பை இழந்து சுமார் 60 டிகிரி சாய்ந்துவிட்டது. மாலுமிகள் 23 பேரையும் மீட்டார்கள். கப்பலை மீட்கும் பணியில் ஒரு கப்பல் பொறியாளர் இறந்தார்.

அதனால்தான் அடுத்த கட்டமாகக் கப்பலிலேயே சுத்திகரிப்பு என்று வைத்தார்கள். நீர் ஏறும்போதே சுமார் 40, 50 மைக்ரான் கண்ணுள்ள வடிகட்டி வழியாகப் போகும். அதன்பின் புற ஊதா ஒளி. அல்லது கடல் உப்பிலிருந்தே மின்னாற்பகுப்பில் குளோரின் எடுத்துக் கொல்லும் முறை. வெளியே விடுமுன் மிச்சக் குளோரினை வேதிப்பொருள் சேர்த்து அடக்க வேண்டும். வெளியேறும் நீரில் 50 மைக்ரானும் அதற்கு மேலும் உள்ள உயிர்கள் ஒரு கன மீட்டருக்கு 10க்கும் குறைவாகவும், 10 முதல் 50 மைக்ரான் வரையுள்ளவை ஒரு மில்லிலிட்டருக்கு 10க்கும் குறைவாகவும் இருக்க வேண்டும். காலராவுக்கும் ஈ.கோலைக்கும் தனி வரம்பு. 2024 செப்டம்பர் 8க்குள் உடன்படிக்கைக்கு உட்பட்ட எல்லாக் கப்பல்களும் இந்தத் தரத்துக்கு வந்தாக வேண்டும் என்றார்கள். நல்ல விதி. ஆனால் கருவி இருப்பது வேறு, கருவி வேலை செய்வது வேறு. ஹூக்ளியைப் போன்ற சேற்று ஆற்றில் வடிகட்டி அடைத்துக்கொள்ளும். கலங்கிய நீரில் ஒளி ஊடுருவாது. உப்பில்லாத நீரில் குளோரின் பிறக்காது. கப்பல் புறப்படும் நேரம் நெருங்க நெருங்க, முகவரின் தொலைபேசி அடிக்க அடிக்க, வடிகட்டியைத் தவிர்த்து நேராக ஏற்றிவிடலாமா என்ற கேள்வி எழும். அதைத் தடுப்பது சான்றிதழ் அல்ல. அடுத்த துறைமுகத்தில் ஒருவர் வலையோடு ஏணியேறி வருவார் என்ற நிச்சயம் மட்டுமே.

ஓய்வுபெற்ற பிறகு அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் உட்கார்ந்து படிப்பது வழக்கமாயிற்று. அங்கேதான் ஒரு நாள் செய்தித்தாளில் எண்ணூர் மீனவர்கள் காக்கா ஆழி என்ற சிப்பி பற்றிப் புகார் செய்ததைப் பார்த்தேன். மைடெல்லா ஸ்ட்ரிகேட்டா என்பது அறிவியல் பெயர். படித்ததும் நூலகத்தில் இருக்க முடியவில்லை. மறுவாரமே எண்ணூருக்குப் போனேன்.

கொசஸ்தலையாறு கடலோடு சேருமிடத்துக்கு மேலே, நீர் வற்றத்தில் இருந்த நேரம். படுகை தெரிந்தது. சேறு தெரியவில்லை. கைவிரல் நீளக் கருஞ்சிப்பிகள் ஒன்றன்மேல் ஒன்றாக, நூல்போன்ற இழைகளால் பின்னிக்கொண்டு, கம்பளமாகக் கிடந்தன. கம்பத்தில், பாலத்தூணில், படகின் அடியில், வீசியெறிந்த டயரில் எல்லாம் அதுவே. ஒரு கொத்தைப் பெயர்த்தால் அடியில் கறுத்த, நாற்றமெடுத்த மண்.

வாயில் பறியைக் கவ்விக்கொண்டு, இடுப்பளவு நீரில் உட்கார்ந்து சேற்றைக் கையால் துழாவி இறால் பிடிப்பது அந்த ஆற்றில் காலங்காலமாக நடப்பது. படகும் வலையும் வாங்க முடியாதவர்களின் தொழில் அது. பெண்கள் பலருக்கு அதுவே வருமானம். இறால் பகலில் சேற்றுக்குள் புதையும். சேற்றை ஆழி மூடிவிட்டால் இறாலுக்கு இடமில்லை, கைக்கும் வழியில்லை. கரையில் உட்கார்ந்திருந்த ஓர் அம்மா தன் உள்ளங்கையைக் காட்டினார். குறுக்கும் நெடுக்குமாகக் கீறல். "முன்னல்லாம் கைய வுட்டா எறா கெடைக்கும்யா. இப்போ கைய வுட்டா ரத்தந்தான் வருது" என்றார். பக்கத்தில் வலை பிரித்துக்கொண்டிருந்த பெரியவர், நான் கப்பலில் இருந்தவன் என்று தெரிந்ததும் நிமிர்ந்து பார்த்தார். "கப்பல்லதான் வந்துச்சுன்றாங்க. அப்ப கப்பல்காரங்களே வந்து வாரினு போவட்டும். எங்க ஆறு எங்களுக்கு வேணும்." அவர் கோபத்தில் ஒரு தப்பும் இல்லை.

இந்தச் சிப்பியின் சொந்த இடம் தென், மத்திய அமெரிக்கக் கரைகள். 1986இல் அமெரிக்காவின் ஜாக்சன்வில்லில் ஒரு மின்நிலையத்தின் நீர்க்குழாய்களை அடைத்துக்கொண்டு முதன்முதலாகத் தலைகாட்டியது. அங்கே குளிர்காலத்தில் செத்துப்போயிற்று. வெப்பமண்டல ஆசியாவில் அந்தக் குளிரும் இல்லை. 2014இல் மணிலா விரிகுடாவில் கண்டார்கள். 2016இல் சிங்கப்பூரில், ஜொகூர் நீரிணையின் மீன் பண்ணை வலைகளில் பச்சை ஆழியை நெருக்கித் தள்ளிவிட்டு இது குடியேறியது. 2019இல் கேரளத்தின் அஷ்டமுடி ஏரியிலும் கொச்சிக் காயலிலும் பதிவாயிற்று. அஷ்டமுடியின் மட்டி மீன்பிடிப்பு 2014இல் இந்தியாவிலேயே முதலாவதாகச் சர்வதேச நிலைத்தகு சான்று பெற்றது. அந்தப் படுகைகளிலும் இது ஏறியது. பிறகு எண்ணூர், அங்கிருந்து பழவேற்காடு. வரைபடத்தில் இந்த ஊர்களை ஒன்றன்பின் ஒன்றாகக் குறித்துப் பார்த்தேன். நான் ஓடிய வழித்தடம்தான் அது. பேலஸ்ட் நீரில் குஞ்சாகவும் வரும், கப்பலின் அடியில் ஒட்டியும் வரும். இரண்டுக்கும் வாகனம் ஒன்றே.

கடலை விடக் கழிமுகம் இதற்குப் பிடித்துப்போவதற்குக் காரணம் உண்டு. ஏறக்குறைய நன்னீரிலிருந்து கடலை மிஞ்சும் உப்புவரை, மெல்ல மெல்ல மாறினால், இது தாங்கிக்கொள்கிறது. 36 டிகிரி வெப்பம் வரை பிழைக்கிறது. உணவு குறைந்தால் பாலினத்தைக்கூட மாற்றிக்கொள்ளும் என்று ஆய்வு சொல்கிறது. அனல்மின் நிலையச் சாம்பலும் வெந்நீரும் ஏற்கெனவே நம் சொந்த உயிர்களை மெலிய வைத்திருந்த ஆறு அது. வந்தது திறந்த வீட்டுக்குள் நுழைந்தது. தென் அமெரிக்காவில் இதைச் சமைத்து உண்கிறார்கள், இங்கேயும் விற்கலாமே என்று சிலர் யோசனை சொல்கிறார்கள். எண்ணூர் நீரை வடிகட்டி வளர்ந்த சிப்பியை யார் வீட்டுக் குழந்தைக்குக் கொடுப்பது?

தேசிய பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு வரை இந்த விஷயம் போயிற்று. படுகையைச் சுரண்டி அகற்றுவது பற்றிப் பேசப்பட்டது. அகற்றத்தான் வேண்டும், இறால் பிடிக்கும் இடங்களையாவது மீட்டுத் தர வேண்டும். ஆனால் ஒரு முறை வேரூன்றிய கடல் உயிரை முழுக்க ஒழித்த கதை உலகில் மிகக் குறைவு. 1999இல் ஆஸ்திரேலியாவின் டார்வினில் கருங்கோட்டுச் சிப்பி என்ற வேறோர் இனத்தை ஒழித்தார்கள். அதை மிகச் சீக்கிரம் கண்டுபிடித்தார்கள், அது மதகு வைத்துப் பூட்டக்கூடிய படகுத்துறைகளுக்குள் மட்டும் இருந்தது. குளோரினும் செப்பு உப்பும் கொட்டி உள்ளே இருந்த எல்லாவற்றையும் கொன்றார்கள். எண்ணூருக்கும் பழவேற்காட்டுக்கும் யார் மதகு வைப்பது? கடலில் இந்த வேலை பம்ப் ஓடும் இடத்திலேயே செய்யப்பட வேண்டும். அதற்குப் பிறகு செய்வதெல்லாம் செலவுதான், தீர்வு அல்ல.

இன்னொன்று என்னை அதிகம் கவலைப்படுத்துகிறது. இதைப் பற்றிப் பேச்சே கேட்கவில்லை. இத்தனை நாளும் எண்ணூர் வாங்கிக்கொண்ட இடம். இனி எண்ணூர் கொடுக்கிற இடம். அனல்மின் நிலையங்களுக்கான நிலக்கரி பாரதீப்பிலிருந்து எண்ணூரின் காமராஜர் துறைமுகத்துக்கு வருகிறது. கரியை இறக்கிய கப்பல் எங்கள் தொழில் முறைப்படி எண்ணூரிலேயே பேலஸ்ட் ஏற்றிக்கொண்டு வடக்கே திரும்பும். பாரதீப்பில் கரி ஏற ஏற அந்த நீரை இறக்கும். அது மகாநதியின் முகத்துவாரம். சிலிகா ஏரி அந்தக் கரையில்தான் இருக்கிறது. அங்கே இறாலையும் நண்டையும் நம்பி வாழும் மீனவர்கள் நம் பழவேற்காட்டைவிடப் பன்மடங்கு. ஒரே நாட்டின் துறைமுகங்களுக்கிடையில் மட்டும் ஓடும் கப்பல்களைச் சர்வதேச உடன்படிக்கை பொதுவாகக் கட்டுப்படுத்துவதில்லை. நாட்டின் எல்லைக்கோடு சிப்பிக்குத் தெரியாது. கொச்சியும் எண்ணூரும் பாரதீப்பும் ஒரே நாட்டில் இருந்தாலும் வெவ்வேறு நீர்நிலைகள்.

இதற்குப் புதிய கண்டுபிடிப்பு எதுவும் தேவையில்லை. வங்கக் கடலில் நம் கரையிலிருந்து 50 மைல் போனாலே ஆயிரக்கணக்கான மீட்டர் ஆழம் கிடைக்கும். கரையோரக் கப்பல்கள் சற்று விலகி ஓடி நீரை மாற்றிக்கொண்டு போகலாம். சில மணி நேரமும் கொஞ்சம் எரிபொருளும் கூடுதலாகும். அறிவும் இந்த ஊரிலேயே இருக்கிறது. என் வீட்டிலிருந்து நடந்துபோகும் தூரத்தில், அண்ணா பல்கலைக்கழக வளாகத்தில், கடற்கரை மேலாண்மைக்கான தேசிய மையம். சாந்தோம் நெடுஞ்சாலையில் உவர்நீர் மீன்வளர்ப்பு ஆய்வு நிறுவனமும், இந்திய விலங்கியல் ஆய்வகத்தின் கடலுயிரியல் மையமும். பள்ளிக்கரணையில் தேசியக் கடல் தொழில்நுட்ப நிறுவனம். உத்தண்டியில் கடல்சார் பல்கலைக்கழகம். இவ்வளவு ஆய்வு நிலையங்கள் உள்ள ஒரு கடற்கரை நகரத்தில், ஆற்றுக்குப் புதிதாக வந்த உயிரை முதலில் கண்டு சொன்னவர்கள் சேற்றில் கைவிட்ட பெண்களும் வலைவீசிய ஆண்களும்தான்.

ஆகவே கப்பல் துறையையும் தமிழக அரசையும் நான் கேட்டுக்கொள்வது மூன்று. எண்ணூர், காட்டுப்பள்ளி, சென்னை ஆகிய மூன்று துறைமுகங்களிலும் வரும் கப்பல்களின் பதிவேட்டை மட்டும் பார்க்காமல், தொட்டி நீரில் வலை போட்டு எடுத்துப் பாருங்கள். எண்ணூரிலிருந்து பாரதீப்புக்கோ விசாகப்பட்டினத்துக்கோ போகும் கரையோரக் கப்பல்களுக்கு விலக்குத் தராதீர்கள். நடுக்கடலில் மாற்றாத எண்ணூர் நீரை எந்த ஆற்றுமுகத்திலும் இறக்கக் கூடாது என்று ஆணையிடுங்கள். மூன்றாவது, எண்ணூரிலிருந்து பழவேற்காடு வரையுள்ள குப்பங்களில், தெரியாத சிப்பியோ நண்டோ மீனோ கையில் சிக்கினால் மீனவர் கொண்டுபோய்க் கொடுக்க ஓர் இடத்தையும், அதை அன்றே வாங்கிப் பார்த்துப் பதில் சொல்ல ஒரு விலங்கியலாளரையும் வையுங்கள். காக்கா ஆழி முதல் கம்பத்தில் ஒட்டியிருந்த நாளில் அப்படி ஒருவர் அங்கே இருந்திருந்தால், ஒரு படகில் நான்கு பேர் போய்ச் சுரண்டி எடுத்திருக்கலாம்.